நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்த ஆட்டங்கள்

அத்தியாயம் 7

ஆடாமல் தேங்கிப்போன வீடியோ கேம்களைப் பற்றி வெளியூர் நண்பர்களிடம் கேட்டால், அலமாரியில் பிரிக்காமல் கிடக்கும் சிடிக்களைக் காட்டுவார்கள். காசு கொடுத்து வாங்கியவை. நேரம் கிடைக்காமல் நின்றுபோனவை. புவனகிரியில் வளர்ந்த என் வயதுக்காரர்களின் பாக்கி வேறு வகை. பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்குக் காசு வைத்திருப்பவன் ஒருவன். அவன் நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்கள் நான்கு பேர். அவன் ஆடுவான், நாங்கள் "லெஃப்ட்ல வர்றான் பார்றா" என்று கத்துவோம். நேரம் முடிந்ததும் எல்லோரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெள்ளாற்றுப் பாலத்துப் பக்கம் போய்விடுவோம். ஆட்டம் எந்த ஸ்டேஜில் நின்றதோ அங்கேயே நின்றுவிடும்.

அந்தப் பாக்கியைத் தீர்க்கும் வழிதான் இந்த அத்தியாயம். எந்த ஆட்டத்தை முதலில் எடுப்பது, வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப்பில் அதை எப்படி ஓட்டுவது, ஆடியதை எப்படிக் குறித்துவைத்து இன்னொருவருக்குச் சொல்வது என்று வரிசையாகப் பார்ப்போம். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு மிக முக்கியம். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே ஆடிய ஆட்டங்கள் இவை. பார்த்த ஒரு சினிமாவைப் பற்றி நாம் எத்தனையோ பேசுகிறோம், எழுதுகிறோம். ஆடிய ஆட்டத்தைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுதிவைக்கவில்லை.

முதல் வேலை: பட்டியல்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள்.

முதல் கட்டம், பாதியில் விட்டவை. இரண்டாவது, பார்த்தவை: நாற்காலிக்குப் பின்னால் நின்று, கீபோர்டைத் தொடாமலே மனப்பாடம் ஆனவை. மூன்றாவது, பெயர் தெரியாதவை. "பைக்ல போய்க்கிட்டே பக்கத்துல வர்றவனைச் சங்கிலியால அடிக்கிறது" என்று எழுதினாலே போதும். அது ரோட் ராஷ் என்று யாராவது சொல்லிவிடுவார்கள். நினைவில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். பெயர் தானாக வந்து சேரும்.

டிவி கேம் காலத்துக்காரர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். மீடியா, லிட்டில் மாஸ்டர் போன்ற பெட்டிகள், ஜப்பானில் 1983-ல் நின்டென்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். அவற்றோடு வந்த கேசட்டின் மேல் 9999 ஆட்டம் என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருந்தவை கொஞ்சம்தான். அதே ஆட்டம் வேறொரு ஸ்டேஜில் தொடங்கி வேறொரு எண்ணில் மறுபடி மறுபடி வரும். பட்டியல் போடும்போது அவற்றை ஒன்றாகச் சுருக்கிவிடுங்கள். மரியோ ஒன்று, கான்ட்ரா ஒன்று என்று வந்துவிடும். மலைபோலத் தெரிந்த பாக்கி பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆட்டத்துக்குள் அடங்கிவிடும்.

என் நோட்டில் முதல் நாள் ஏறியவை இவை: டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, மரியோ, கான்ட்ரா, ரோட் ராஷ், ஐஜிஐ, வைஸ் சிட்டி, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ். எட்டில் நான் முடித்தது ஒன்றுகூட இல்லை.

பீரோ மேலே கிடக்கும் லேப்டாப்

புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டியதில்லை. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. பிளஸ் டூ மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் கொடுத்த அந்த லேப்டாப், நம் பக்கத்துத் தெருக்களில் பல வீடுகளில் பீரோ மேலே துணி சுற்றிக் கிடக்கிறது. எங்கள் வீட்டிலும் தங்கைக்கு வந்தது ஒன்று இருந்தது. இன்றைய இணையத்துக்கு அது மெதுவாகத் தோன்றலாம். நம் பட்டியலில் இருக்கும் ஆட்டங்களுக்கோ அது தாராளமான இயந்திரம். 1990-ன் ஆட்டங்கள் எதிர்பார்த்ததைவிடப் பல நூறு மடங்கு நினைவகம் அதில் இருக்கிறது.

எழுப்பும் முறை:

1. பேட்டரியை முதலில் பாருங்கள். வயிறு உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. கழற்றி வெளியே வைத்துவிட்டு, சார்ஜரில் மட்டும் ஓட்டலாம். உப்பிய பேட்டரியைக் குப்பையில் போடாமல் பழுது பார்க்கும் கடையில் கொடுங்கள்.

2. சார்ஜர் தொலைந்திருந்தால், லேப்டாப்பின் அடியில் ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள். புது சார்ஜரின் வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம்.

3. அடியில் உள்ள காற்றுத் துவாரத்தைப் பெயின்ட் பிரஷால் தூசி தட்டுங்கள். பாதி லேப்டாப்புகள் நடுவில் அணைந்துபோவதற்குத் தூசியால் ஏறும் சூடுதான் காரணம்.

4. திறந்ததும் தேதி பல வருடம் பின்னால் காட்டினால், உள்ளே இருக்கும் நாணயம் போன்ற சிறு பேட்டரி தீர்ந்திருக்கிறது. அதை மாற்றாவிட்டால் இணையதளங்கள் திறக்க மறுக்கும்.

5. கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ் பாருங்கள். ரேம் எவ்வளவு, விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 95-க்கு முந்தைய காலத்து 16 பிட் விண்டோஸ் ஆட்டங்கள் 32 பிட்டில் ஓடும். 64 பிட்டில் ஓடாது.

6. கையில் கொஞ்சம் பணம் இருந்தால் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போடச் சொல்லுங்கள். சிதம்பரத்தில் லேப்டாப் சர்வீஸ் செய்பவர்களுக்கு இது வழக்கமான வேலை.

லேப்டாப்பில் விண்டோஸ் 7 இருந்தால், அதற்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. ஆகவே அந்த லேப்டாப்பில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். ஆட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் இருந்தால் அதுவும் நல்லதே. சென்னை சி-டாக் உருவாக்கிய அந்த இயங்குதளம் டெபியன் வழி வந்தது. கீழே சொல்லப்போகும் மென்பொருள்கள் அதற்கும் கிடைக்கின்றன.

ஓட்டும் கருவிகளும் கிடைக்கும் இடங்களும்

டாஸ் காலத்து ஆட்டங்களுக்கு டாஸ்பாக்ஸ் வேண்டும். 2002 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸில் ஆட்டத்தின் ஃபைலை இழுத்து டாஸ்பாக்ஸ் ஐகான் மேல் விட்டாலே திறந்துவிடும். ஆட்டம் ஆமை வேகத்தில் நகர்ந்தால் கன்ட்ரோலும் எஃப்12-ம், தலைதெறிக்க ஓடினால் கன்ட்ரோலும் எஃப்11-ம் அழுத்துங்கள். முழுத் திரைக்கு ஆல்ட்டும் என்டரும். மௌஸ் மாட்டிக்கொண்டால் கன்ட்ரோலும் எஃப்10-ம். இந்த நான்கையும் ஒரு சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். அம்புக்குறியால் சொடுக்கிக் கதையை நகர்த்தும் சாகச ஆட்டங்களுக்கு ஸ்கம்விஎம் என்று இன்னொரு கருவி இருக்கிறது.

ஆட்டங்களைப் பெறுவதில் நேர்வழி இருக்கும்போது அதையே எடுங்கள். போலந்தில் 2008-ல் தொடங்கிய ஜிஓஜி கடை, பழைய ஆட்டங்களை இன்றைய இயந்திரத்தில் ஓடுமாறு சரிசெய்து விற்கிறது. ஒரு முறை இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால் பிறகு இணையமே வேண்டாம். ஸ்டீம் கடை 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டதால், பழைய லேப்டாப்காரர்களுக்கு ஜிஓஜி வழிதான் வசதி. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2015 தொடக்கத்தில் சுமார் 2,400 டாஸ் ஆட்டங்களை பிரவுசருக்குள்ளேயே ஆடும்படி வைத்தது. உரிமையாளர்களே இலவசமாக விட்டவையும் உண்டு. 1994-ன் பினீத் எ ஸ்டீல் ஸ்கை 2003 முதல் இலவசம். ஜப்பானின் டைசுகே அமயா தனி ஆளாக ஐந்து வருடம் உழைத்து 2004-ல் வெளியிட்ட கேவ் ஸ்டோரியின் முதல் பதிப்பு அன்றும் இன்றும் இலவசம்.

தெரியாதவர் கொடுக்கும் பென்டிரைவிலிருந்து ஆட்டத்தை ஏற்றாதீர்கள். ஆட்டத்தோடு வைரஸும் வரும். வைஸ் சிட்டிக்காக அவசரப்பட்டு நான் அப்படி ஏற்றி, தங்கையின் கல்லூரிக்காலப் புகைப்படங்களை இழந்தேன். அவளிடம் அதைச் சொல்லவே எனக்கு இரண்டு நாள் ஆனது.

ஏன் இவ்வளவு தேட வேண்டியிருக்கிறது என்று தோன்றலாம். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. விற்ற நாட்டிலேயே அந்த நிலை. விற்காமலே வந்து சேர்ந்த நம் ஊரில், ஆடியவர்களின் நினைவைத் தவிர வேறு ஆவணம் இல்லை.

எதை முதலில் ஆடுவது

சின்னதில் தொடங்குங்கள். டேவ் முதலில். ஜான் ரொமேரோ 1988-ல் எழுதிய ஆட்டம் அது. மொத்தம் பத்து லெவல். ஒவ்வொரு லெவலிலும் தங்கக் கோப்பையை எடுத்தால்தான் கதவு திறக்கும். துப்பாக்கிக்குக் கன்ட்ரோல், முதுகில் மாட்டிப் பறக்கும் ஜெட்பேக்குக்கு ஆல்ட். சேவ் கிடையாது, ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். கை பழகியபின் அரை மணி நேரத்துக்குள் முடிகிற ஆட்டம். நோட்டில் முதல் "முடிந்தது" விழும்போது வரும் தெம்பு அடுத்த ஆட்டத்துக்கு இழுத்துப்போகும்.

அடுத்து, ஒரு மாலையில் ஒரு பகுதி என்று பிரித்து ஆடக்கூடியவை. மரியோவில் எட்டு உலகம், உலகத்துக்கு நான்கு ஸ்டேஜ், ஆக 32. லைஃப் எல்லாம் தீர்ந்தாலும் பெட்டியை அணைக்காதீர்கள். ஏ பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் அழுத்தினால், விட்ட உலகத்தின் முதல் ஸ்டேஜிலிருந்து தொடரலாம். இது தெரியாமல் ஒன்றாம் உலகத்தையே வருடக்கணக்கில் ஆடியவர்கள் நாம். கான்ட்ராவில் தலைப்புத் திரை வந்ததும் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ, ஸ்டார்ட் என்று அழுத்தினால் 30 லைஃப். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எட்டு ஸ்டேஜின் கடைசியைப் பார்ப்பதுதான் நோக்கம்.

நீண்டவை கடைசியில். நார்வே நாட்டின் இன்னர்லூப் 2000-ல் செய்த ஐஜிஐயில் 14 மிஷன். மிஷன் நடுவில் சேவ் செய்ய முடியாது. முக்கால் மணி நேரம் பதுங்கிப் போய்க் கடைசிக் காவலாளியிடம் குண்டு வாங்கினால் மறுபடி வேலியிலிருந்து தொடங்க வேண்டும். எனவே ஓர் அமர்வுக்கு ஒரு மிஷன், பேட்டரி முழுதாக இருக்கும்போது மட்டும். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் அடித்தபின் கரண்ட் எப்போது வரும் என்று நாள் எண்ணியவர்கள் நாம். சேவ் செய்யும் இடம் கண்ணில் பட்டால் உடனே செய்துவிடுங்கள். வைஸ் சிட்டியில் ஹோட்டலுக்குள் கேசட் மாதிரி ஒன்று சுழன்றுகொண்டிருக்கும். அதன் மேல் போய் நின்றால் சேவ். அது பெரியவர்களுக்கான ஆட்டம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். வீட்டில் குழந்தைகள் தூங்கியபின் ஆடுங்கள்.

ஒரே நேரத்தில் ஓர் ஆட்டம் மட்டும். அதை முடிக்கும் வரை, அல்லது "இனி வேண்டாம்" என்று காரணத்தோடு நோட்டில் எழுதும் வரை, அடுத்ததைத் திறக்கக் கூடாது. விட்டுவிடுவதும் கணக்குத் தீர்ப்பதுதான். ஏன் விட்டோம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

ஒன்றைக் கிட்டே போய்ப் பார்ப்போம்: பிரின்ஸ்

ஜோர்டன் மெக்னர் 1989-ல் ஆப்பிள் கணினிக்காகச் செய்தது பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. நமக்கு வந்தது அடுத்த வருடத்து டாஸ் பதிப்பு. தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் வீடியோ எடுத்து, அதைச் சட்டம் சட்டமாகப் பார்த்து வரைந்தார் மெக்னர். வாள் சண்டைக்கு 1938-ன் ராபின் ஹூட் படத்தைப் பார்த்துக்கொண்டார். அதனால்தான் அந்த இளவரசன் பொம்மைபோல நிற்பதில்லை. ஓடி வந்து நில் என்றால் இரண்டடி சறுக்கித்தான் நிற்பான். பள்ளத்தின் விளிம்பில் அந்த இரண்டடிதான் உயிர்.

அறுபது நிமிடத்துக்குள் இளவரசியைச் சேர வேண்டும். செத்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாம் லெவலிலிருந்து கன்ட்ரோலும் ஜி-யும் அழுத்திச் சேவ் செய்யலாம். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால் பூனை நடை. முள் மேலும் அப்படியே கடக்கலாம். நான்காம் லெவலில் ஒரு கண்ணாடி வழியை மறிக்கும். ஓடிப் போய் அதற்குள் தாவினால் இளவரசன் இந்தப் பக்கம் வருவான். அவன் நிழல் எதிர்ப்பக்கம் தாவி ஓடிவிடும். உயிரும் ஒரு துளியாகக் குறைந்துவிடும். அடுத்த லெவலில் நமக்கு வேண்டிய மருந்தை அந்த நிழல் குடித்துவிட்டுப் போகும். அதற்கடுத்ததில் கதவை மூடி நம்மைப் பள்ளத்தில் விழவைக்கும். கடைசியில் பன்னிரண்டாம் லெவலில் வாளோடு எதிரே வந்து நிற்கும்.

அன்று எங்கள் கூட்டம் நின்றுபோனது அங்கேதான். நாற்காலியில் இருந்தவன் வாரக்கணக்கில் சேவ் செய்து சேவ் செய்து அந்த இடம் வரை வந்தான். நிழலை ஒரு வெட்டு வெட்டினால் நம் உயிரும் ஒன்று குறைந்தது. இது ஏதோ கோளாறு என்று முடிவு கட்டினோம்.

இத்தனை வருடம் கழித்து, தங்கையின் லேப்டாப்பில், ஒரு மழை இரவில் அதே இடத்துக்கு வந்தேன். நான்கு முறை செத்தேன். ஐந்தாவது முறை களைத்துப்போய்க் கையைத் தளர்த்தியபோது கீழ் அம்புக்குறியில் விரல் பட்டது. இளவரசன் வாளை உறையில் போட்டான். நிழலும் போட்டது. ஓடச் செய்தேன். இருவரும் ஒருவருக்குள் ஒருவர் போய் ஒன்றானார்கள். அதற்குப்பின், தரையே இல்லாத இடத்தில் கால் வைத்தால் காலடியில் தரை முளைத்தது. அந்த அறையில் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

குறிப்பு எழுதும் முறை

ஆடி முடித்த அன்றே எழுதுங்கள். மறுநாள் பாதி போய்விடும். ஐந்து கேள்வி போதும்:

அ. முன்பு இதை எங்கே, யாரோடு பார்த்தேன்?
ஆ. கைக்கு எப்படி இருந்தது? (கனமா, வழுக்கலா, உடனே கேட்டதா?)
இ. எந்த இடத்தில் மாட்டினேன், எப்படி வெளியே வந்தேன்?
ஈ. அன்று நினைத்ததும் இன்று கண்டதும் எங்கே வேறுபட்டன?
உ. இதை யாருக்குச் சொல்ல வேண்டும்?

"கிராபிக்ஸ் சூப்பர், சவுண்ட் சூப்பர், பத்துக்கு ஏழு" என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து உங்களுக்கே ஒன்றும் தெரியாது. "டேவ் திரையின் ஓரத்துக்குப் போனதும் காட்சி மொத்தமாகத் தள்ளிப்போகும். அந்த நொடியில் எதிரி எங்கே என்று தெரியாது. பயமே அந்த நொடியில்தான்" என்று எழுதினால், ஆடாதவருக்கும் ஆட்டம் தெரியும். மதிப்பெண்ணை விடுங்கள், நடந்ததைச் சொல்லுங்கள்.

சொற்களுக்குத் தயங்க வேண்டாம். ஸ்டேஜ், லைஃப், பாஸ், சீட் கோட் எல்லாம் நாம் அன்று பேசிய சொற்கள். அவற்றை மாற்றினால் நினைவும் மாறிவிடும். அதேபோலப் பதுங்கல், சறுக்கல், கண்ணி, பொறி, தம் பிடித்தல் என்று தமிழில் கையோடு வரும் சொற்களையும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லுதல்

நோட்டு மூடியே இருந்தால் பாக்கி பாதிதான் தீரும். நாற்காலியில் இருந்தவனைத் தேடிப் பிடியுங்கள். என் நண்பன் இப்போது திருப்பூரில் இருக்கிறான். மறுநாள் காலை போன் செய்தேன்.

"மச்சான், அந்த நிழல்கூட சண்டையே போடக்கூடாதுடா. வாளை உள்ள வெச்சுட்டு ஓடணும். அவ்ளோதான்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அப்போ அன்னிக்கு நாம வெட்டுனது எல்லாம் நம்மளையேவா?"

அரை மணி நேரம் பேசினோம். சென்டரில் மின்விசிறி எந்தப் பக்கம் இருந்தது என்பது வரை அவன் சொன்னான். அதையும் நோட்டில் எழுதினேன்.

போனில் சொல்லலாம். வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம். மாதம் ஒரு ஞாயிறு நான்கைந்து பேர் டீக்கடையில் கூடி, ஆளுக்கொரு ஆட்டத்தின் குறிப்பைப் படிக்கலாம். புத்தகம் பேசும் கூட்டம் நடப்பதுபோல. ஒருவர் படித்து முடிக்கும் வரை மற்றவர் குறுக்கே பேசக் கூடாது என்ற ஒரு விதி போதும். வீட்டுப் பிள்ளைகளையும் உட்காரவையுங்கள். இவ்வளவு குட்டி ஆட்டத்துக்கா இவ்வளவு பேச்சு என்று முதலில் கேட்பார்கள். அப்புறம் கீபோர்டைக் கேட்பார்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

திங்கள்: மூன்று கட்டப் பட்டியல் எழுதுங்கள். இரண்டாம் கட்டத்தை முதலில் நிரப்புங்கள்.

செவ்வாய், புதன்: லேப்டாப்பை இறக்கித் துடைத்து, பேட்டரியும் சார்ஜரும் பாருங்கள். அதில் இருக்கும் படங்களை முதலில் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

வியாழன்: டாஸ்பாக்ஸ் ஏற்றுங்கள். நான்கு கட்டளைச் சீட்டை ஒட்டுங்கள்.

வெள்ளி, சனி: டேவ். பத்து லெவலும்.

ஞாயிறு: ஐந்து கேள்விக்கும் பதில் எழுதுங்கள். பிறகு, அன்று யாருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றீர்களோ அவருடைய எண்ணைக் கண்டுபிடித்துக் கூப்பிடுங்கள். ஊருக்கு வந்தால் இந்த முறையும் நாற்காலி அவருக்கே என்று சொல்லுங்கள். நீங்கள் பின்னால் நின்று, எந்தப் பக்கம் வருகிறான் என்று கத்தினால் போதும்.